குமுளி இறக்கமும் ஒரு லாக் புத்தகமும்

கல்யாணமான புதிதில் நான் குடித்தனம் நடத்தியது ஒரு வேனில். எழுபதுகளின் நடுவில் என் கணவர் ஓர் உரக் கம்பெனியில் விளம்பர அதிகாரியாக இருந்தார். ஊர் ஊராகப் போய் சாயங்காலங்களில் வெள்ளைத் துணி கட்டி, எந்தப் பயிருக்கு எந்த உரம் என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். மாதத்தில் இருபத்தைந்து நாள் வெளியூர். மதுரையில் வீடு அமைகிற வரைக்கும் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மானேஜரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டார்.

வண்டியின் பின்பக்கம் இரண்டு பெஞ்சுகள். பகலில் உட்கார, ராத்திரியில் படுக்க. ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீர் டிரம், படம் போடுகிற மெஷின், என் டிரங்குப் பெட்டி. டிரைவர் முன்சீட்டில் படுத்துக்கொள்வார். ஜெயமங்கலத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். நான் சமைத்ததைத் தட்டில் வாங்கிக்கொண்டு போய் வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஒரு முறை குமுளி மலையில் தோட்டக்காரர்களுக்குப் படம் காட்டிவிட்டு, மறுநாள் காலை இறங்கிக்கொண்டிருந்தோம். நான் பின்னால் அவரோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளைவு என்று நினைக்கிறேன். வண்டி திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பியது, ஆனால் வேகம் குறையவில்லை. கியர் மாறுகிற சத்தம் மட்டும் அலறலாகக் கேட்டது. "கெட்டியாப் பிடிச்சுக்கங்கம்மா" என்று டிரைவர் சாதாரணமான குரலில் சொன்னார். அந்தக் குரலால்தான் எனக்குப் பயம் வந்தது.

வண்டியை அவர் மலைப்பக்கமாக ஒதுக்கி, பாறையோடு உரசவிட்டார். தகரம் கிழிகிற சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. ஸ்டவ் உருண்டது, டிரம் சாய்ந்து தண்ணீர் முழுவதும் என்மேல் கொட்டியது. முன்சக்கரம் ஓடையில் இறங்கி வண்டி நின்றபோது என் கையிலிருந்த வளையல் ஒன்றுகூட மிச்சமில்லை. யாருக்கும் பெரிய காயம் இல்லை. இறங்கிப் பார்த்தேன். ரோட்டின் அந்தப் பக்கம் ஒரு தடுப்புக்கல், அதற்கப்பால் மரங்களின் உச்சிதான் தெரிந்தது.  ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "தூங்கிட்டா ஓட்டுன? கண்ணு எங்க இருந்துச்சு?" டிரைவர் ஓடையிலிருந்து ஒரு கல்லைப் புரட்டி எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

ஒரு லாரி எங்களை இழுத்துக்கொண்டுபோய் கம்பத்தில் ரோட்டோரப் பட்டறை ஒன்றில் விட்டது. மெக்கானிக் வண்டியைக் கட்டைகளின் மேல் ஒரு பக்கம் சாய்வாக ஏற்றி நிறுத்திவிட்டு, "மருதையிலிருந்து சாமான் வரணும். நாலு நாளாகும்" என்றார். நாலு நாள் பதினான்கு நாளாயிற்று. முதலில் வந்த சாமான் வேறு மாடலுக்கு உரியது. அதைத் திருப்பி அனுப்பி அடுத்தது வருவதற்குள் மெக்கானிக் வீட்டில் ஒரு சடங்கு வந்து பட்டறையை மூடிவிட்டார்கள். நாங்கள் அந்தச் சாய்ந்த வண்டிக்குள்ளேயே குடியிருந்தோம். ஏறி இறங்க ஒரு முக்காலி. உலை வைத்தால் பானையில் தண்ணீர் ஒரு பக்கமாகவே நிற்கும். குளிக்கத் தண்ணீருக்குப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து பம்ப்செட்டுக்குப் போவேன்.

இரண்டாம் நாளே என் கணவர் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதினார். அவர் கையெழுத்து கோழி கிண்டியது போலிருக்கும். அதனால் என்னிடம் கொடுத்து நல்ல தாளில் படியெடுக்கச் சொன்னார். 'ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம். தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.' என் கையெழுத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் புகழ்வார்கள். அவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தேன். தபாலில் போனது.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மெக்கானிக் பின்சக்கர பிரேக் டிரம்மைக் கழற்றினார். உள்ளே பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்கன பாரு ஆத்தா. பிரேக் லைனிங் பூராத் தேஞ்சுபோச்சு. இரும்போட இரும்பு தேயுது. இது ஒரு நாள்ல ஆனதில்ல. நாலஞ்சு மாசமாக் கத்தியிருக்கும். ஒருத்தருக்குமா கேக்கல?"

டிரைவர் அங்கேதான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிரவில்லை. கேட்டும் கவனிக்காமல் விட்டிருக்கிறாரே, என் உயிரோடு விளையாடியிருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு போட்ட கரண்டியைக்கூடச் சத்தமாக வைத்தேன்.

எனக்கு எதையாவது படித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொண்டுபோன வாரப் பத்திரிகைகளை இரண்டு தடவை படித்து முடித்தாயிற்று. வெங்காயம் சுற்றி வந்த தாளையும் படித்தாயிற்று. ஒருநாள் என் கணவர் போன் போடத் தபாலாபீசுக்குப் போயிருந்த நேரம், முன்சீட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வண்டியின் லாக் புத்தகம் இருந்தது. தேதி, ஊர், ஓடிய தூரம், கடைசியில் 'குறை' என்று ஒரு கட்டம். சும்மா புரட்டினேன்.

'பிரேக் லேட்டாகப் பிடிக்குது. பார்க்கவும்.' பென்சிலில், எழுத்துக்கூட்டி எழுதிய எழுத்து. கீழே என் கணவரின் நீல மைக் கையெழுத்து. இரண்டு வாரம் தள்ளி மறுபடி அதே வரி, அதே கையெழுத்து. பிறகு, 'பிரேக்கில் சத்தம் வருது.' கையெழுத்து. ஏழு இடங்களில் இருந்தது. கடைசியாக, குமுளிக்கு ஏறுவதற்கு முந்தின நாள்: 'பிரேக் சரியில்லை. மலைக்கு வேண்டாம் என்று ஐயாவிடம் சொன்னேன்.' அதற்குக் கீழேயும் அவர் கையெழுத்து இருந்தது.

எனக்கு உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. அந்தத் தடுப்புக்கல்லுக்கு அப்பால் மர உச்சிகளைப் பார்த்தபோதுகூட அப்படி ஆகவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது.

அவர் வந்ததும் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு சொன்னார்: "தினம் பத்து இடத்துல கையெழுத்துப் போடறேன். எல்லாத்தையும் படிச்சுக்கிட்டு இருக்க முடியுமா?"

"வாயாலயும் சொன்னதா எழுதியிருக்காரே."

"சொன்னான். டிரைவருக மலைன்னா அப்படித்தான் ஏதாவது சொல்லுவானுக. வண்டியை நிறுத்தியிருந்தா அந்த மாசக் கூட்டம் பூரா போயிருக்கும்."

"நான் உள்ள இருந்தேனே."

அவர் புத்தகத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, "இதை இதோட விட்டுரு" என்றார்.

மறுநாள் டிரைவர் சாப்பிட வந்தபோது, ரிப்போர்ட்டை நான்தான் படியெடுத்தேன் என்று அவரிடம் சொன்னேன். சொல்லாமல் சோறு போட என்னால் முடியவில்லை.

"தெரியும்மா. தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான கொடுத்தாக" என்றார்.

"கோளாறுன்னு தெரிஞ்சும் ஏன் மலைக்கு எடுத்தீங்க? மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே."

"மாட்டேன்னா ஐயா வேற டிரைவரைக் கூட்டியாருவாக. அவனுக்கு இந்த வண்டிக் கோளாறு தெரியாதும்மா. எனக்குன்னா தெரியும்."

தட்டை வாங்கிக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார். நான் அன்று சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலமே லாக் புத்தகத்தை எடுத்து என் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டு நாள் கழித்து என் கணவர் முன்சீட்டுப் பெட்டியைத் துழாவிவிட்டு வந்து, "அந்தப் புக்கு எங்க?" என்று கேட்டார். "தெரியல" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. மறைக்கத்தான் தேடினாரோ என்ற நினைப்பில் டிரங்குப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மதுரை ஆபீசிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், தேய்ந்த லைனிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு டிரைவரிடம், "இவ்வளவு தேஞ்சிருக்கு. உனக்குத் தெரியலையா? ஏன் சொல்லல?" என்றார்.

டிரைவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் ரோட்டைப் பார்த்தார்.

"லாக் புக்கைக் கொண்டாங்க" என்றார் இன்ஜினியர்.

"காணோம் சார். இந்த அமர்க்களத்துல எங்கயோ விழுந்திருக்கு" என்றார் என் கணவர்.

நான் வண்டிக்குள் ஏறினேன். பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். இன்ஜினியர் கையை நீட்டினார். நான் அவரிடம் கொடுக்கவில்லை. என் கணவர் கையில் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, அவ்வளவு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் இன்னொரு முறை நான் பார்க்காதது.

அவர் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடியபடியே வைத்திருந்தார். பிறகு தானாகவே அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து இன்ஜினியரிடம் நீட்டினார். "அவர் சொன்னாரு சார். ஏழு தடவை எழுதியும் இருக்காரு. நான்தான் கவனிக்கல. ரிப்போர்ட்டை நான் தப்பா எழுதிட்டேன்" என்றார். டிரைவரை 'அவர்' என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

இன்ஜினியர் ஏழு பக்கத்தையும் படித்தார். புத்தகத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். டிரைவர்மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை. என் கணவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சுற்றுப்பயண வேலையிலிருந்து எடுத்து ஆபீஸ் மேஜையில் உட்கார வைத்தார்கள். மதுரையில் வீடு பார்த்துக் குடிபோனது அப்படித்தான்.

வண்டி சரியாகிக் கம்பத்தை விட்டுக் கிளம்பிய நாளில் அவர் பின்னால் என்னோடு உட்காரவில்லை. முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னமனூரில் நிறுத்தியபோது அவரே இறங்கிப்போய் மூன்று டீ வாங்கிவந்தார். டிரைவரிடம் ஒன்றைக் கொடுத்தார். "நீங்க எதுக்குய்யா" என்றுவிட்டு டிரைவர் வாங்கிக் குடித்தார். எனக்குக் கொடுத்தபோது டம்ளரைத்தான் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

என்னோடு சரியாகப் பேச அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு நல்ல மனுஷராகவே இருந்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் புத்தகத்தை எடுத்துக் கொடுக்காமல் இருந்திருந்தால் அன்று உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று அவர் இருந்த வரைக்கும் நான் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்ற பயம்தான்.