பித்தாம் என்றால் பித்தம் இல்லை

தமிழ்ப்பள்ளி வாசலில், பிள்ளைகள் வெளியே வரட்டும் என்று என் வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கழுத்தில் குளிர்ந்த வியர்வை ஓடியது. வெளிச்சம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கண் திறந்தபோது தார் ரோட்டில் கிடந்தேன்.

"ஆன்ட்டி, தூங்கிட்டீங்களா?" என்று குனிந்து கேட்டாள் ஒரு சின்னவள்.

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போவது என் வேலை. விழுந்த செய்தி பரவியதும் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ரத்தம் கம்மி என்றாள் தங்கச்சி. வெயில் அடித்துவிட்டது என்றார் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர். பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார் என் கணவர். மூன்றில் எனக்குப் பிடித்தது பித்தம்தான். இஞ்சிச் சாற்றோடு போய்விடும் அல்லவா?

கிளினிக்கில் தலைசுற்றல் என்று மட்டும் சொன்னேன். மலாய் டாக்டர், "ஆடா பித்தாம்?" என்று, பித்தாம் உண்டா எனக் கேட்டார். நம் பித்தம் இவருக்கும் தெரிகிறதே என்று சந்தோஷம். இஞ்சி குடித்ததில் வாய்க்கசப்பு போயிருந்தது. "தாக் ஆடா, டாக்டர்," என்றேன், இல்லையென்று. காதுக் கோளாறாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்.

மறுபடி சமையலறையில் விழுந்தேன். அப்புறம் கோயில் வரிசையில். அதன்பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி.

அங்கே கிளினிக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தமிழ் நர்ஸ் கேட்டாள்: "முன்னாடி மயக்கமே வந்ததில்லன்னு கிளினிக்ல சொன்னீங்களாக்கா?"

"மயக்கம்னு யாரும்மா கேட்டா? பித்தம் இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ அக்கா! பித்தாம்னா மலாய்ல கண்ணு இருட்டி மயங்குறது லா!"

"அப்ப நான் இடிச்சுக் குடுத்த இஞ்சியெல்லாம்?" என்றார் கூட வந்திருந்த கணவர்.

"வயித்துக்கு நல்லதுண்ணே."

சிரித்தேன். சிரிப்பு முடியுமுன்பே வேன் ஞாபகம் வந்தது. பித்தம் என்ற சொல்லை நம்பித்தான் இத்தனை நாள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

என் தன்னியக்க நரம்புகளை (நாம் நினைக்காமலே இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வையைப் பார்த்துக்கொள்பவை) சோதிக்கவேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னார்கள். குழாயில் ஊதச் சொன்னார்கள். கடைசியாகச் சாய்மேசைச் சோதனை (படுக்கவைத்துக் கட்டி, மேசையோடு நிமிர்த்தி, அழுத்தமும் நாடியும் மாறுவதைப் பார்ப்பது). உங்களுக்கும் அந்த மேசை காத்திருந்தால் பயப்படாதீர்கள். வார் இறுக்கமாக இருக்கும்; விழமாட்டீர்கள்.

என் பயம் வேறு. மயங்கினால் வேன் போய்விடும். மயங்காவிட்டால் காரணம் தெரியாது. மேசை நிமிர்ந்தது. சுவரைப் பார்த்தபடி நின்றேன். நேரம் நகரவில்லை.

"காலை இறுக்காதீங்கக்கா. லூசா விடுங்க," என்றாள் நர்ஸ்.

இறுக்கிக்கொண்டிருப்பதே எனக்குத் தெரியவில்லை. விட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை நனைந்தது. "பிரஷர் இறங்குது," என்று யாரோ சொன்னார்கள். சுவர் கறுத்தது.

விழித்தபோது மேசை தாழ்ந்திருந்தது. டாக்டரம்மா என் கையைப் பிடித்திருந்தார். "ரொம்ப நேரம் நின்னா ரத்தம் காலுக்கு இறங்குதும்மா. அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிற நரம்பு திடீர்னு கைய விட்டுருது. மருந்து இருக்கு. தண்ணி நிறைய குடிக்கணும், உப்பு கூட்டிக்கலாம். வேன் மட்டும் இப்போதைக்கு வேணாம்."

"உக்காந்துதானே டாக்டர் ஓட்டுறேன்?"

"பின்னால யாரு உக்காந்திருக்கா?"



இப்போது வேனை ஓட்டுவது கணவர்தான். மறுசோதனைக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். முன்பெல்லாம் கண் விழித்த கையோடு வாசலில் நிற்பேன். படுப்பதற்கும் நிற்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் உண்டென்று அப்போது தெரியாது. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு, கெண்டைச்சதையை இறுக்கி இறுக்கி விடுகிறேன். ரத்தம் மேலே ஏறட்டும் என்று காத்திருக்கிறேன்.

"கெளம்பறேன்!" என்று வெளியிலிருந்து குரல் வருகிறது.

"பாத்து ஓட்டுங்க!" உட்கார்ந்தபடியே சொல்கிறேன். நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் வேன் முனை திரும்பியிருக்கும்.