மோவாயைத் தொட்ட விரல்கள்

ஆறு வயதில் வந்த காய்ச்சலில் என் காது போனது. காதுகேளாதோர் பள்ளியில் படித்து முடித்துத் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே ஆண்டு மலருக்காக ஒரு கதை எழுதினேன்.

மயிலம் பக்கம் வேற்றுக்கிரகத்தவர் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்குக் குரல் கிடையாது, கைகளால்தான் பேச்சு. அதிகாரிகள் ஒலிபெருக்கியில் கத்தி ஓய்ந்த பிறகு, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்த காது கேளாத பெண் அவர்களோடு பேசுகிறாள். அதிகாரிகளோ வந்தவர்களின் விண்கப்பலிலிருந்து ஒரு கருவியைத் திருடிவிடுகிறார்கள். கிளம்பும்போது வந்தவர்கள் அதிகாரிகளைப் பார்த்து ஒரு சைகை செய்கிறார்கள்: இரண்டு விரல்களால் மோவாயைத் தொட்டு, கையைச் சட்டென்று அக்குளில் செருகுவது. அதன் பொருள் அவளுக்கு மட்டும் தெரியும். சொல்ல மாட்டாள்.

மலருக்குப் பொறுப்பான விரிவுரையாளர் வகுப்பிலேயே நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர் உதட்டைப் படித்தேன். "ஏம்மா, அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றவன் ஒரு செவிட்டுப் பொண்ணுகிட்டயா பேசிக்கினு இருப்பான்?" வகுப்பே சிரித்தது. கதையின் கீழே சிவப்பு மையில் 'நம்பும்படி இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். நகலெடுக்க யாரோ கொடுத்த பத்திரிகையில் என் கதை இருந்தது, அவர் பெயரில். களை எடுத்த பெண், காது கேட்கும் ஆண் விஞ்ஞானியாகியிருந்தாள். திருட்டை வெட்டிவிட்டிருந்தார். சைகையை மட்டும் விட்டுவைத்திருந்தார். வந்தவர்கள் தரும் ஆசீர்வாதமாம் அது.

அந்தக் கதைக்கு விழுப்புரத்திலேயே பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். என் சைகைமொழி தெரிந்த கல்லூரித் தோழியையும், பள்ளியில் என்னோடு படித்த ஐந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கேள்வி நேரத்தில் எழுந்து கைகளால் கேட்டேன். தோழி மைக்கில் சொன்னாள்: "சார், அந்த ஆசீர்வாதத்தக் கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்."

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே மோவாயைத் தொட்டு, கையை அக்குளில் செருகினார். எங்கள் வரிசை குலுங்கிச் சிரித்தது.

"அது எங்க ஸ்கூல் சைகைங்க," என்றாள் தோழி என் கைகளைப் பார்த்து. "திருடி ஒளிச்சவன்னு அர்த்தம்."

நான் மேடையேறி, என் பழைய நோட்டின் சிவப்பு மைப் பக்கத்தைக் கூட்டத் தலைவரிடம் நீட்டினேன். அவர் அதைப் படிக்கப் படிக்க விரிவுரையாளரின் முகம் வெளுத்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பத்திரிகையின் அடுத்த இதழில் என் கதை என் பெயரில் முழுதாக வந்தது. ஒரு வாரம் கழித்து விரிவுரையாளர் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். கல்லூரியில் விசாரணை வைத்திருக்கிறார்களாம். உதடுகள் வேகமாக அசைந்தன. மெதுவாகச் சொல்லும்படி கைகாட்டினேன். திரும்பச் சொன்னார். புரியாததுபோல் தலையாட்டினேன். மூன்றாவது முறை அழுதுவிட்டார். "மன்னிச்சிடும்மா." முதல் தடவையே எனக்குப் புரிந்திருந்தது. நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாவம்டி, வயசானவரு," என்றாள் தோழி அன்று மதியம். எனக்கு நல்ல பசி. இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.