ஆக்சிஜன் பாட்டிலில் நான் விட்ட தீர்த்தம்

நான்கு வருடமாக இதை எழுத நோட்டை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். பத்தாவது வரை படித்தவள், எழுத வராது என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதுவல்ல. எழுதினால் என் தப்பு வெளியே வரும். ஆனால் என் மகள் ஹேமாவைப் பற்றி ஒரு பொய் எங்கள் ஊரப்பாக்கத்திலும் படப்பையிலும் இன்னும் உலவுகிறது. அதை உலவ விட்டவள் நான்தான்.

மூச்சு நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'ஐயோ பாவம்' சொல்வதற்காக யாரும் படிக்க வேண்டாம்.

என் வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் ஒரு பட்டறையில் இருபது வருடம் இரும்பு தேய்க்கும் வேலை பார்த்தவர். ரயில் நிலையப் படிக்கட்டில் பாதி வழியில் நின்று, செருப்பைச் சரிசெய்வது போலக் குனிவார். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் குனிகிறார் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

தாம்பரத்தில் டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார். சி.ஓ.பி.டி. என்றார் (நுரையீரலின் காற்றுக்குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தங்கிவிடும் நோய்).

"கெட்டுப்போன நுரையீரல் திரும்ப வராது. இருக்கறத காப்பாத்திக்கலாம். பீடிய விடுங்க, தூசிய விடுங்க" என்றார். இவர் தூசியை விட்டார். பீடியை விடவில்லை.

ஹேமா அப்போது பன்னிரண்டாவது. அப்பாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு வந்தவள், அங்கே மூச்சு மெஷினைத் திருகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் என்ன படித்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். ரெஸ்பிரேட்டரி தெரபி (சுவாச சிகிச்சை) படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். அவள் பி.காம். படித்துவிட்டு, சிட்லபாக்கத்தில் ஏதாவது ஆடிட்டர் ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

படப்பையிலிருந்து வந்த என் நாத்தனார், "சளி உறிஞ்சறதுக்கு நாலு வருஷம் காலேஜா? இவள எவன் கட்டிப்பான்?" என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. அதே கேள்வி என் மனதிலும் இருந்தது.

அவள் படித்தாள். டிவி பார்க்கும்போது எங்கள் மார்பைப் பார்த்து மூச்சை எண்ணுவாள். மணிக்கட்டு நாடியில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பதை (ரத்தத்தில் எவ்வளவு காற்று சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை) முதல் தடவை செய்த அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஒருநாள் அப்பாவின் பீடிக்கட்டைத் தண்ணீர் வாளியில் போட்டாள். ஒரு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. என் வீடு அப்படித்தான் இருந்தது.

படிப்பு முடிந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நோயாளிகள் அவளை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார்கள், நர்சுகள் 'மெஷின் பொண்ணு' என்பார்கள். ஒரு வருடம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது இவருக்கு மூச்சு முட்டி, அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஐ.சி.யூ.வில் பைபேப் போட்டார்கள் (முகத்தை இறுக்கிப் பிடிக்கும் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளும் மெஷின்). ஹேமாதான் மாட்டினாள். "அப்பா, மெஷினோட சண்ட போடாத. அது குடுக்கறப்ப வாங்கிக்க" என்றாள்.

"நீ பீடிய புடுங்குனவ தான?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது. இருவரும் சிரித்தார்கள். அப்படிச் சேர்ந்து சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

தேறி, வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே சுவரில் ஒரு பாட்டில் மாட்டியிருக்கும். அதில் கிருமி நீக்கிய தண்ணீர். ஆக்சிஜன் அதில் குமிழிவிட்டு ஈரமாகி மூக்குக்குப் போகும். தினமும் ஹேமா வந்து பாட்டிலைத் திருகிக் கழற்றி, தண்ணீரை மாற்றி மாட்டுவாள். "இத யாரும் தொடக்கூடாதும்மா" என்று என்னிடம் சொல்லியும் இருந்தாள்.

எனக்குத் தினம் பெருமாள் கோயிலுக்குப் போகாமல் பொழுது விடியாது. சனிக்கிழமை தீர்த்தம் வாங்கி ஒரு சின்ன பாட்டிலில் கொண்டு வந்தேன். வாயில் கொடுக்கக்கூடாது, புரை ஏறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குமிழி விடும் அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் விட்டால் மூச்சோடு மூச்சாகப் பெருமாள் உள்ளே போவார் என்று தோன்றியது. ஹேமா கழற்றுவதைப் பார்த்திருக்கிறேனே. அவள் மாற்றிவிட்டுப் போன பிறகு கழற்றினேன், ஒரு மூடி விட்டேன், மாட்டினேன். மூன்று நாள் செய்தேன்.

நான்காம் நாள் குளிர்ஜுரம். சளி பச்சையாக வந்தது. நிமோனியா (நுரையீரலில் கிருமி இறங்கிச் சீழ் கட்டுவது) என்று மறுபடியும் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். பாட்டில் தண்ணீரையும் சோதித்தார்கள். அதிலும் சளியிலும் ஒரே கிருமி. அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. அவர் சொல்லாமலே அங்கே எல்லாரும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஹேமாவின் இன்சார்ஜ் வராண்டாவில், என் கண் முன்னால் அவளை நிற்க வைத்துக் கேட்டார். "சொந்த அப்பாவுக்கே தண்ணி மாத்தாம, மாத்துனதா சார்ட்டுல டிக் போட்டு வச்சிருக்க. மத்த பேஷன்ட்டுக்கு இன்னா பண்ணுவ நீ?"

"தினமும் மாத்துனேன் சார்."

"அப்ப கிருமி இன்னா பஸ் புடிச்சி வந்துச்சா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று மாலை மாடிப்படியில் ஹேமா என்னிடம் கேட்டாள். "அந்த பாட்டில்ல கை வச்சியாம்மா?"

"இல்ல" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

இவர் பதினோரு நாள் ஐ.சி.யூ.வில் கிடந்து பிழைத்தார். பத்தாம் நாள் ஹேமாவின் வேலை போனது. நாத்தனார் போன் செய்து, "நாலு வருஷம் படிச்சும் உம் பொண்ணுக்குத் தண்ணி மாத்தத் தெரியலையா?" என்றார். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். படப்பை முழுக்க அந்தப் பேச்சு பரவியது.

அவள் வேலை போன மறுநாள்தான் எனக்கு வாய் வந்தது. இன்சார்ஜ் அறைக்குப் போய், "நான்தான் சார் அதுல தீர்த்தம் ஊத்துனேன்" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "லெட்டர் போயிடுச்சும்மா. பேஷன்ட் கூட வந்தவங்க பாட்டில திறக்கற வரைக்கும் பாக்காம இருந்ததும் அந்தப் பொண்ணு தப்புதான்" என்றார். பத்து மாதத்துக்கு மேல் உழைத்தவளுக்கு அவர் கொடுத்த நேரம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஹேமாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா. டெஸ்ட்டுக்கு எடுத்த தண்ணிய மோந்து பாத்தப்பவே பச்சைக்கற்பூர வாசன."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்ன அப்பாகிட்டயே விட்டிருக்க மாட்டாங்க. கூட யாரு இருப்பா?" என்றாள். மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "அதுக்காக உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. நீயா சொல்லுவன்னு பத்து நாள் பாத்தேன்."

எட்டு மாதம் வேலை இல்லை. போன இடமெல்லாம் பழைய இடத்தில் விசாரித்தார்கள். கடைசியில் வேறு ஊரில், சம்பளமும் மரியாதையும் குறைந்த ஒரு இடத்தில் முதலிலிருந்து தொடங்கினாள். இப்போது இங்கேயே வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு ஷிப்டுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். அங்கேயும் போன மாதம் யாரோ, 'அப்பாவுக்குத் தண்ணி மாத்தாத பொண்ணு' என்று பேசியிருக்கிறார்கள். அதனால்தான் நோட்டை மூடாமல் எழுதுகிறேன்.

பெருமாள் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் பாட்டிலைத் திறக்கச் சொல்லவில்லை.

இவருக்கு இப்போது வீட்டில் ஆக்சிஜன் மெஷின். தினமும் பதினாறு மணி நேரம் குழாய் மூக்கில் இருக்க வேண்டும். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, அதன் பாட்டிலில் கோடு வரை தண்ணீர் விடுவது என் வேலை. மெஷின் சத்தம் ஒரு நொடி மாறினாலும் என் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. என்னையும் பரிசோதித்தார்கள். நுரையீரலில் ஒன்றும் இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமா வருவாள். அப்பா விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப் மாட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்பாள். "தண்ணி எப்ப மாத்துன?"

"காலைல ஆறு பத்துக்கு" என்பேன். ஆறு பதினைந்துக்கு மாற்றியிருந்தால் ஆறு பதினைந்து என்றே சொல்வேன். வாரத்தில் வேறு எந்த நேரமும் எனக்கு இவ்வளவு நிச்சயமாகத் தெரிவதில்லை.

இதை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் திருநீறோடும் தீர்த்தத்தோடும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதலில் அனுப்புங்கள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் வெட்ட வேண்டாம். தீர்த்தத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, மாடிப்படியில் நான் சொன்ன 'இல்ல'வை விட்டுவிட்டால், அது மறுபடியும் என் மகள் தலையில்தான் விழும்.