சாருலதாவின் காக்கா ஜன்னல்

பத்தொன்பது வருஷம் சாருலதா சம்பளம் வாங்கியது மற்றவர்கள் செய்த தப்புகளுக்காக. தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. யாரோ எழுதிய புரோகிராமில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு எண் போட்டு, மேஜரா மைனரா என்று தரம் பிரித்து, எழுதியவர் முகம் சுண்டும்படி மெயில் அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வந்தும் அந்தப் புத்தி விடாது. கணவன் ராகவேந்திரன் ரசம் வைத்தால், "உப்பு மேஜர், புளி மைனர்" என்று சொல்லிவிட்டுத்தான் சாதம் பிசைவாள்.

நாற்பத்தைந்தாவது வயதில், அடையாறில் ஒரு வார இறுதி வகுப்புக்குச் சும்மா போனாள். கண்ணாடித் துண்டுகளை அடுக்கி மின்சார உலையில் உருக்கி ஒட்டவைக்கும் கலை. அவள் செய்த சின்னத் தட்டு கோணல்மாணலாக வெளியே வந்தது. ஆனாலும் அடுத்தவர் செய்ததை நோண்டாமல் தானே ஒன்றைச் செய்தாகிவிட்டது. ஆட்டோவில் மயிலாப்பூர் வரைக்கும் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். மூன்றாம் மாதம் வேலையை விட்டாள்.

ராகவேந்திரன் தடுக்கவில்லை. சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வதென்றுதான் திணறினான். "சாரு இப்போ கண்ணாடி வேலை பண்ணிண்டிருக்கா" என்று மாம்பலம் அத்தையிடம் போனில் சொல்லிவைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை, ஒரு காது கழன்ற மூக்குக்கண்ணாடியோடு வந்து நின்றாள்.

"ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டாப் போறும்டிம்மா. நிதானமாப் பண்ணு, நான் காபி சாப்பிட்டுண்டிருக்கேன்."

சாருலதா ஸ்க்ரூ போட்டுக் கொடுத்தாள். கண்ணாடிக் கலைஞராகி அவள் முழுசாக முடித்த முதல் வேலை அதுதான். மற்றதெல்லாம் உடைந்தது.

பால்கனியில் வாஷிங் மெஷின் உயரத்துக்கு உலை வந்து இறங்கியது. முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் மொத்தக் கட்டடமும் இருட்டாகிவிட்டது. டிவியில் கடைசி ஓவர் ஓடிக்கொண்டிருந்த நேரம். குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி ஸ்ரீனிவாசராகவன் டார்ச்சோடு மூன்று மாடி ஏறி வந்தார்.

"என்னதான் பண்றே சாரு?"

"எண்ணூறு டிகிரி சூடு பண்றேன் மாமா."

"எண்ணூறா? எங்காத்துல இட்லிக்கே நூறுதானே!"

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுத்த பிறகு விளக்கு அணைவது நின்றது. கண்ணாடி உடைவது நிற்கவில்லை. தேனாம்பேட்டையில் ஜன்னல் கண்ணாடிக் கடை வைத்திருந்த அஸ்மத்துன்னிசாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னா மேடம், முந்தாநேத்துதானே வாங்கினு போனீங்க? வூட்ல எதுனா சண்டையா?"

கடைசியில் பழைய வேலைதான் கைகொடுத்தது. உடைந்த ஒவ்வொரு தட்டுக்கும் எண் போட்டு, எந்தக் கடைக் கண்ணாடி, எவ்வளவு கனம், எத்தனை மணி நேரம் ஆறவிட்டது என்று நோட்டில் எழுதினாள். தன் தப்புக்குத் தானே எண் போடுவது அவளுக்குப் புதிது. முதல் வாரம் அழுகையாக வந்தது. முப்பத்தோராம் தட்டில் விஷயம் பிடிபட்டது: வேறு வேறு கடைக் கண்ணாடிகளைக் கலந்தால், ஆறும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கி ஒன்றையொன்று பிளந்துவிடுகிறது. அன்றிலிருந்து ஒரே கண்ணாடிப் பலகையிலிருந்து வெட்டினாள். ஒரு நாள் முழுக்க ஆறவிட்டாள். உடையவில்லை.

நிறம்தான் படுத்தியது. பச்சை பூசினால் மாட்டுச்சாண நிறம், சிவப்பு பூசினால் கருகல். சொன்ன பேச்சு கேட்டது கறுப்பு ஒன்றுதான்.

அந்த ஆடிக் காற்றில் மாடிப்படி ஜன்னல் உடைந்தது. "சும்மா ஒரு கண்ணாடி போட்டுக் குடேன்" என்றார் செக்ரட்டரி. அவள் கரண்ட் கம்பியில் ஏழு காக்கைகள் உட்கார்ந்திருப்பதுபோல் செய்து மாட்டினாள். அவர் கிட்டே போய்ப் பார்த்தார்.

"மயிலாப்பூர்ல இருந்துண்டு மயில் போடப்படாதோ?"

"மயிலுக்குப் பச்சை வேணுமே மாமா. பச்சை வரமாட்டேங்கறது."

ஜன்னலைக் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூட்டம் போட செக்ரட்டரி நாள் குறித்தார். அதற்குள் மஹாளய அமாவாசை வந்தது. மொட்டைமாடியில் சாதத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கா கா என்று கத்தியும் ஒரு காக்கைகூட வரவில்லை. தொண்டை கட்டிப்போய் இறங்கி வந்தார். மாடிப்படி ஜன்னலுக்கு வெளியே நிஜக் காக்கை ஒன்று, கண்ணாடிக் காக்கையைக் கொத்திக் கொத்தி விசாரித்துக்கொண்டிருந்தது. பக்கத்து ஜன்னல் கதவைத் திறந்து சாதத்தை விளிம்பில் வைத்தார். காக்கை வந்து சாப்பிட்டது, இன்னும் நாலு பேரையும் கூப்பிட்டது. பிற்பகலுக்குள் எல்லா வீட்டுச் சாதமும் அங்கேதான். கூட்டம் நடந்தது, ஜன்னல் விளிம்பை யார் எப்போது கழுவுவது என்பதை மட்டும் பேசிக் கலைந்தது.

அந்த ஜன்னலின் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றி, கொட்டிவாக்கத்திலிருந்து தீபிகா என்ற பெண் கூப்பிட்டாள். புது வீட்டு வாசல் கதவுக்குக் கண்ணாடி வேண்டும். "இப்போ பச்சையும் வரது, மீன் போடட்டுமா?" என்று சாருலதா ஆசையாகக் கேட்டாள். "இல்ல மேடம், காக்காதான்."

கதவு மாட்டிய அன்று தீபிகாவின் மாமனார் வெள்ளைச்சாமி, தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், விரல்விட்டு எண்ணினார்.

"எட்டுல்லா வருது. எட்டு நமக்கு ஆகாதேம்மா. ஒண்ணைக் கொறைச்சிரலாமா?"

சாருலதா கண்ணாடியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். "உருக்கி ஒட்டினது, கொறைக்க முடியாது சார். வேணும்னா கூட்டலாம்."

அடுத்த வாரம் உள்ளங்கை அளவில் ஒன்பதாவது காக்கையைச் செய்து கொண்டுபோய், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பதித்தாள். வெள்ளைச்சாமி மறுபடி எண்ணிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் காலிங் பெல் என்று நினைத்து இப்போது அதைத்தான் அழுத்திவிட்டுக் காத்துநிற்கிறார்கள். விரல் ரேகை படிகிறதென்று தீபிகா தினமும் அதை ஈரத்துணியால் துடைக்கிறாள்.