தமிழிலிருந்து போன சொல்

வெண்மதிக்கு லேசில் கோபம் வராது. வந்துவிட்டால் லேசில் போகாது. அவள் அம்மா ருக்குமணிக்கு சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் கான்ட்ராக்ட் துப்புரவு வேலை. பதினாறு வருஷமாக இதோ பெர்மனன்ட், அதோ பெர்மனன்ட் என்கிறார்கள், எங்கே ஆனது? "எனக்கு ஆவாட்டி போவுது, நீ பேங்குல போயி குந்துடி" என்று மகளை மந்தாரக்குப்பம் கோச்சிங் வகுப்புக்கு அனுப்பினாள்.

அங்கே இங்கிலீஷில் வெண்மதிதான் முதல். வெறும் மனப்பாடக்காரி இல்லை. ஒவ்வொரு சொல்லும் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பக்கத்திலேயே குறித்துவைப்பாள்: லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு. கம்பெனி குவார்ட்டர்ஸிலிருந்து வரும் தமயந்தி அந்த நோட்டைப் பார்த்துத்தான் படிப்பாள். மதியம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். நீங்க என்ன ஆளுங்க என்று யாரும் கேட்கவில்லை, வெண்மதியும் சொல்லவில்லை. காலேஜில் ஒருத்தி கேட்டாள், மறுநாளிலிருந்து தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த ஒரு தடவை போதாதா?

2016-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலீஷ் எடுக்கும் சோமசுந்தரம் சார் 'பரையா' (pariah) என்ற ஆங்கிலச் சொல்லைப் போர்டில் எழுதினார்.

"இது நம்ம தமிழ்லேர்ந்து போன வார்த்தை."

வெண்மதிக்கு ஒரே பூரிப்பு. தமிழ் என்று எழுதப் பேனாவை எடுத்தாள்.

"அர்த்தம், யாரும் சேத்துக்காம ஒதுக்கி வச்ச ஆள். பறை அடிக்கிறவங்க சாதிப் பேரை வெள்ளைக்காரன் அப்படியே எடுத்துக்கிட்டான். ஞாபகம் வச்சுக்க ஈசி, இல்ல?"

வகுப்பே சிரித்தது. தமயந்தியும்தான்.

என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது! ஒரு ஜனத்தின் பேரைக் கப்பலேற்றி உலகத்துக்கே வசவாக ஆக்கியிருக்கிறார்கள், அது ஈசியாம்! ஒதுக்கியவன் பேர் கிடைக்கவில்லை, ஒதுக்கப்பட்டவன் பேர்தான் கிடைத்ததா? வெண்மதி பேனாவை மூடினாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் இன்றோடு எல்லாருக்கும் தெரிந்துபோகும்.

எழுந்தாள்.

"அது எங்க சாதிப் பேரு சார். எங்கப்பா மைன்ஸ்ல ஷிப்ட் பாக்கறாரு. பறை அடிச்சாலும் அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. எங்கள ஒதுக்கி வெச்சாங்களே, அவங்களுக்கு இங்கிலீஷ்ல என்னா வார்த்தைன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சிரிப்பு நின்றது. சார் சமாதானம் சொல்கிறவரைப் போலவும் பாராட்டுகிறவரைப் போலவும் புன்னகை செய்தார்.

"அடடா, நீயாம்மா? உன்னைப் பாத்தா அப்படித் தெரியவே இல்லியே!"

வெண்மதி உட்காரவில்லை.

"பாத்தா எப்பிடி சார் தெரியணும்?"