வாய்ப்பு சாரின் மகள்

கல்லூரியின் பொருளாதாரத் துறையில் அவருக்குப் பெயரே வாய்ப்பு சார்தான். சேர வரும் பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்காரவைத்து, இளங்கலைப் பொருளாதாரம் படித்தால் வங்கி, காப்பீடு, ஆய்வு நிறுவனம், வெளிநாட்டில் மேற்படிப்பு என்று வாய் வலிக்கப் பேசுவார்.

இந்த வருடம் அவர் பேசப் பேசத் திரையில் படங்களை மாற்றித் தந்தவள் அவருடைய மகள். கணினிப் பொறியியல் மாணவி. பள்ளி முடித்ததும் அவள் அப்பாவின் பாடத்தைத்தான் கேட்டாள். "அதைப் படிச்சிட்டு என்ன பண்ணப்போற?" என்று ஒரே பேச்சில் வாயை அடைத்தவர் இதே மனிதர்தான்.

கூட்டம் முடியும் நேரத்தில் ஓர் அம்மா எழுந்தார். "சார், உங்க பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க?"

"ஒரே பொண்ணு. இதே பொருளாதாரம்தாங்க" என்றார், வாய் கூசாமல். அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கே மகனைச் சேர்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தன் மகள் இருந்த பக்கம் திரும்பச் சாருக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. சிக்னலில் வண்டி நின்றதும் அவள் பின்னாலிருந்து குனிந்து, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"நீங்க சொன்ன அந்தப் பொண்ணு நல்லா படிக்கிறாளாப்பா?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார்கள். அவருக்கு வண்டியை எடுக்கக் கை ஓடவில்லை.