வேலிக்குள் நின்ற ஜென்ஷியன்கள்

மென்னா பெவன் பெம்பிரே ஊரில் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்தே மணிக்கட்டு தேய்ந்தவள். சனிக்கிழமை ஆனால் கடலோரத்து மணல்மேட்டுக்குப் போய், ஈரப்பள்ளங்களில் மண்டி போட்டுவிடுவாள். கண்ணோடு ஒரு பூதக்கண்ணாடி. பூ பார்க்கிறாள் என்று ஊரே சிரிக்கும்.

அவள் புருஷன் கிளான்மோர், தகர ஆலையில் தொழிற்சங்கத்து ஆள். சனிக்கிழமை அவனுக்குக் கூட்டம் இருக்கும். வேலையை விட்ட பிறகும் ஏதாவது ஒரு கூட்டம் இருந்தது. ஒரு நாளும் அவளோடு போனதில்லை.

போன ஆகஸ்டில் அவள் மணல் ஒட்டிய முழங்காலோடு சமையலறைக்குள் வந்து நின்றாள்.

“கிளான், மணல்மேட்டு ஜென்ஷியன் பார்த்துட்டேன். மூணு செடி!”

“போன வாரமும் ஜென்ஷியன்னுதானே சொன்ன?”

“அது இலையுதிர்கால ஜென்ஷியன். அது நிறைய இருக்கு. இது வேற, ரொம்ப அபூர்வம்.”

“ரெண்டும் ஊதாப் பூதானே. விடு.”

“ஆமாமா, மேனேஜர்ல மட்டும் எத்தனை வகைன்னு விடிய விடியச் சொல்லுவ. பூன்னா எல்லாம் ஒண்ணு உனக்கு.”

அவன் சிரித்துவிட்டான். அவள் விடவில்லை. சாப்பாட்டுத் தட்டிலேயே கத்தியை நிறுத்திக் காட்டினாள். சாதாரணச் செடி உயரமாக, ஏணிப்படி மாதிரி இலை ஜோடி மேல் ஜோடியாகப் போகும். பூக்கள் நெருக்கியடித்து நிற்கும். இவளுடையது விரல் உயரம்தான். அடியில் ஒன்றிரண்டு ஜோடி இலை. அப்புறம் வெறும் நீளக்காம்பு, உச்சியில் ஒற்றைப் பூ. பூவுக்கு அடியில் உள்ள பச்சைக் கிண்ணத்தின் பற்கள் சாதாரணச் செடியில் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதில் கோணல்மாணலாக விரிந்திருக்கும்.

அந்தப் பக்கத்தில் மாவட்டத்துக்கு ஒருவர் செடிக்கணக்கு வைத்திருப்பார். அவர் நேரில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் உலர்த்திய செடி கைக்கு வர வேண்டும். அதுவரை கண்டவர் பேருக்குப் பக்கத்தில் கேள்விக்குறிதான். அங்கே அந்தக் கணக்கு ஹைல்வென் என்ற பெண்ணின் கையில். ஒரு செடியை உலர்த்தி அனுப்பும்படி அவள் சொன்னபோது மென்னா சீறினாள்.

“இருக்குறதே மூணு. அதுல ஒண்ணைப் பிடுங்கிக் கொன்னு நான் பேர் வாங்கணுமா?”

ஹைல்வென் வருவதாக இருந்த வாரம் மென்னா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கணையத்தில் புற்று. டாக்டர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பூ வாடிவிட்டது. பிப்ரவரியில் அவளும் போனாள். கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

“அந்தக் கேள்விக்குறியை எடுக்கச் சொல்லு, கிளான்.”

கிளான்மோருக்கு அழத் தெரியவில்லை. மென்னா சொல்லிவைத்திருந்த இடத்தை ஹைல்வெனிடம் கேட்டுக்கொண்டு, கட்டைகளையும் கம்பிவலையையும் தோளில் சுமந்து போனான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மேயவிட்ட குதிரைகளும் முயல்களும் அண்டாதபடி அந்தப் பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டான். ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சுற்றி நின்று மறிக்க வேண்டும். ஆயுசு முழுக்க அவன் கற்றது அது. செடி முளைத்ததும் தினமும் போய் மண்டி போட்டுப் பார்த்தான்.

இந்த ஆகஸ்டில் ஹைல்வென் வந்தாள். வேலியைப் பார்த்ததுமே முகம் மாறியது.

“யாரு போட்டது இது?”

“நான்தான். ஒரு முயல் வாய் வைக்கலை, தெரியுமா?”

“ஐயோ கிளான்...”

வெளியே குதிரைகள் மேய்ந்த புல் மழித்துவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே முழங்கால் உயரம். அவள் புல்லை விலக்கினாள். செடிகள் வெளிச்சத்துக்கு எக்கி, நூலாக நீண்டு நின்றன. பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“சொல்லு.”

“சொல்ல முடியலை.”

“பல்லு கோணலா இருக்கே! நானே பார்த்தேன்.”

“ரெண்டும் கலந்த செடியிலயும் அப்படி இருக்கும். உசரத்தையும் காம்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். உங்க புல்லு எல்லாத்தையும் இழுத்துவிட்டிருச்சு. இந்த நெழல்ல எந்தச் செடியும் இப்படித்தான் நிக்கும்.”

அவன் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“கேள்விக்குறி இல்லாம நீயே எழுதிடேன். செத்தவளுக்காக.”

“எழுதுறேன். நீங்க இன்னொரு தடவை கேட்டா, இப்பவே எழுதுறேன்.”

அவன் கேட்கவில்லை. குனிந்து வேரடி மண்ணைத் தொட்டான்.

“விதை ஏதும் மண்ணுல கிடக்குமா?”

“கிடக்கலாம். ஆனா புல்லு போகணும். குதிரைங்க உள்ள வந்து மேஞ்சு மிதிச்சாத்தான் முளைக்கும்.”

“இதையும் மிதிச்சிருமே.”

“மிதிக்கும் கிளான்.”

“அப்புறம் முளைக்கிறதும் அவ சொன்ன செடியாத்தான் இருக்கும்னு இல்லை.”

“இல்லை.”

வேலியைப் பிரிக்க அவள் உதவிக்கு வந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினான். கட்டைகளைத் தானே ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான். வலையைச் சுருட்டி ஓரம் வைத்தான். சற்று நேரத்தில் பழுப்புக் குதிரை ஒன்று நெடும்புல்லைக் கண்டு மெதுவாக வந்தது. விரட்டக் கையை ஓங்கினான். ஓங்கிய கையை அப்படியே வைத்திருந்துவிட்டு, பிறகு இறக்கிக்கொண்டான்.